நடிகர் கையெழுத்துப் போட்ட டயர்

காலை ஆறே முக்கால். பஞ்சர் கடைச் சுவரில் டயரைக் காணோம்.

பஞ்சர் கடையில் டயர் காணாமல் போவது ஒரு சேதியா என்று நீங்கள் கேட்கலாம். கடை வாசலில் பழைய டயர்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அவற்றில் ஒன்றைக்கூட எவனும் தொடவில்லை. போனது சுவரில் தனியாக மாட்டியிருந்த ஒன்றுதான். பக்கவாட்டில் கிழிந்தது, எந்த வண்டிக்கும் ஆகாதது. ஆனால் அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் ஒரு வரி இருந்தது: 'என்னை வழியனுப்பி வைத்த கைகளுக்கு.' அதன் கீழே, நாடே அறிந்த ஒரு நடிகரின் கையெழுத்து.

போன வருஷம் ஒரு மத்தியானம் கடை முன்னால் போகிற நெடுஞ்சாலையில் நடிகரின் கார் டயர் கிழிந்து நின்றது. படத்தில் ஓடுகிற ரயில் மேல் காரை ஏற்றுகிறவருக்கு, ஜாக்கியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடையை நடத்துகிற பஞ்சர் அக்காதான் வேறு டயர் மாட்டிக் கொடுத்தாள். அதுவரை அவர் கவிழ்த்துப் போட்ட தொட்டியின் மேல் உட்கார்ந்து, அவள் சொம்பில் தண்ணீர் குடித்தார். கிழிந்த டயரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கொளுத்துகிற வெயிலில் தெருவில் ஈ காக்கை இல்லை. அக்காவின் தம்பி உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஆக, சாட்சி பூஜ்யம்.

அக்கா சொன்னதைத் தெரு நம்பவில்லை. அவளே எழுதிக்கொண்டாள் என்று சிரித்தது. 'நடிகர் அக்கா' என்று கிண்டலாகப் பெயரும் வைத்தது. அதற்கெல்லாம் இன்று பதினோரு மணிக்குப் பதில் கிடைத்திருக்கும். நட்சத்திரங்களைத் தற்செயலாகச் சந்தித்த சாதாரண ஜனங்களைப் பற்றி நிகழ்ச்சி எடுக்கும் டிவிக்காரர்கள் வருவதாக இருந்தார்கள். டயரை எடுத்துப் போய் நடிகரிடமே காட்டிக் கேட்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். டயர் இல்லாவிட்டால் அக்கா ஆயுசுக்கும் புளுகுணிதான்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கிழிஞ்ச டயருக்கு ஒரு கம்ப்ளெயின்டா?"

"கிழிஞ்சது டயருதான். என் பேரு இல்ல" என்றாள் அக்கா.

உள்ளே இருந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஏழு மணி. கடையில் மூன்று பக்கமும் தகரம், பின்னால் மட்டும் ஒரு செங்கல் சுவர், முன்னால் தார்ப்பாய். நீல வண்ணம் அடித்த சுவரில் காரை பெயர்ந்து ஒரு பள்ளம் தெரிந்தது.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து ராத்திரி. தொடைச்சு வச்சுட்டுத்தான் படுக்கப் போனேன்."

"மாட்டியிருந்த ஆணி எங்க?"

"இழுத்த இழுப்புல அதுவும் வந்துருக்கும் மேடம். விரல் நீள ஆணி. சுவருக்கு நீலம் அடிச்சப்ப அதுக்கும் சேத்து அடிச்சு விட்டேன்."

ஏட்டு கடையையும் வாசலையும் சல்லடை போட்டுத் தேடினார். ஆணி இல்லை. தரையில் இருந்த வண்டித் தடங்களை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. பஞ்சர் கடை வாசலில் வண்டித் தடத்துக்கா பஞ்சம்?

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தாமலே கேட்டார். "நிஜமாவே அவர் வந்தாரா?"

அக்காவின் முகம் சிவந்தது. "நீங்களும் அதையே கேக்கறதுன்னா கிளம்புங்க மேடம். டயரை நானே தேடிக்கறேன்."

"கேக்கறது என் வேலை. கோவிச்சுக்கறது உங்க இஷ்டம். வந்தாரா?"

"வந்தாரு."

"சரி."

ஒரு வருஷத்தில் அந்தப் பதிலுக்கு 'சரி' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்ப்ரஸரைத் துடைக்கப் போய்விட்டாள்.

முதல் சந்தேகம் தம்பி மேல் விழுந்தது. பழம்பொருள் சேர்க்கிற ஒருவர் டயரை விலைக்குக் கேட்டிருந்தார். கொடுத்துவிடலாம் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். அக்கா முடியாது என்றுவிட்டாள். ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

"ராத்திரி எங்க படுத்திருந்த?"

"இங்கதான் மேடம். இந்தக் கட்டில்ல."

இன்ஸ்பெக்டர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கொசுவர்த்திச் சுருள் ஒரு சுற்றுகூட எரியாமல் முழுசாக இருந்தது. "இங்க இருக்கற கொசுவுக்கு உன் மேல அவ்வளவு பாசமா?"

தம்பி தலையைச் சொறிந்தான். "கூட்டாளி வீட்டுக்குப் போயிட்டேன். படம் பாக்க."

"யாரு படம்?"

"அவர் படம்தான்."

"அவர் நேர்ல வந்தப்ப தூங்கிட்ட. அவர் டயர் போனப்ப படம் பாத்துட்டிருந்த" என்றாள் அக்கா. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. ஏட்டு கூட்டாளிக்கு போன் போட்டார். தம்பி விடியும்வரை அங்கேதான் இருந்தான் என்று கூட்டாளியின் அம்மாவே எரிச்சலோடு சொன்னாள்.

அடுத்து பழைய இரும்புக்காரர். தினமும் விடியற்காலையில் மூன்று சக்கர வண்டியோடு வந்து பழைய டயர் எடுப்பவர். அவர் பதறவே இல்லை. "நான் எடைக்கு வாங்கறவன் மேடம். வாசல்ல இவ்வளவு கிடக்க, உள்ள போயி ஆணியைப் புடுங்கி ஒண்ணை மட்டும் எடுப்பனா?" என்றவர், போகிற போக்கில், நடிகர் வீட்டுப் பழைய கேட்டை எடைக்கு எடுத்தவர் தன் மச்சான்தான் என்றும் சொல்லி வைத்தார்.

"என் சகலையோட தம்பிகூட அவர் படத்துல ஒரு சீன்ல பின்னாடி நடந்து போவான் மேடம்" என்றார் ஏட்டு. இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

ஏழரை மணிக்கு ஒரு பழைய ஜீப் முன்சக்கரம் தரையோடு அமுங்க, நொண்டி நொண்டி வந்து நின்றது. எதிர்ச்சாரி ஹோட்டல்காரர். வண்டியில் காய்கறி மூட்டைகள். ஜீப்பின் பின்கதவில் ஸ்டெப்னி. அதற்கு வட்டமாக ரெக்ஸின் உறை. உறை முழுக்க நடிகரின் சிரித்த முகம். சுற்றிலும் 'உங்கள் நட்சத்திரம் சாப்பிட்ட இடம்' என்ற வாசகம். ஏட்டு அந்த முகத்துக்கு சல்யூட் வைக்காத குறைதான்.

"என்னம்மா தங்கச்சி, காலங்காத்தால போலீசு?" என்று இறங்கினார் ஹோட்டல்காரர். விஷயத்தைக் கேட்டதும் உச்சுக் கொட்டினார். "அடப்பாவமே. டிவிக்காரங்க வர்ற நாளா பாத்து இப்படியா? சரி, நீ மனசைத் தளர விடாத. அவங்களை நான் பாத்துக்கறேன். முதல்ல எனக்கு இந்தப் பஞ்சரை ஒட்டிக் குடு. திரும்பவும் சந்தைக்கு ஓடணும், ரொம்ப அவசரம்."

மனசு வேகும்போதும் கை சும்மா இருக்காது. அக்கா ஜாக்கி போட்டாள். சக்கரத்தைக் கழற்றினாள். டயரில் குத்தியிருந்த ஆணியைக் குறட்டால் பிடுங்கி, பார்க்காமலே தகர டப்பாவில் எறிந்தாள். தினமும் பிடுங்குகிற ஆணிகள் சேருகிற டப்பா அது.

இன்ஸ்பெக்டர் பெஞ்சில் ஹோட்டல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நடிகர் உங்க ஹோட்டலுக்கு வந்தாரா?"

"வந்தாரு மேடம். திருப்தியா சாப்பிட்டாரு."

"யாரு பரிமாறினது?"

"நானேதான். அன்னிக்குன்னு பாத்து ஆளுங்க லீவு."

"இந்தக் கடைக்கு?"

"வந்ததா யாரும் பாக்கல. பாவம், தங்கச்சி ஏதோ ஆசையில எழுதிக்கிச்சு. அதைப் போயி நாம பெருசுபடுத்தக் கூடாது."

அக்காவின் கையில் டயர் லீவர் அப்படியே நின்றது. வாசலில் கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சிரிங்க" என்றாள் அக்கா நிமிர்ந்து. "டயர் கிடைக்காட்டியும் நான் இதையேதான் சொல்வேன். வந்தாரு, உக்காந்தாரு, தண்ணி குடிச்சாரு. எத்தனை பேர் சிரிச்சாலும் நடந்தது நடக்காமப் போயிடாது."

ஹோட்டல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"பொறுங்கண்ணே. ட்யூப்பு காய வேணாமா?"

கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாவது தடவை எழுந்தே நின்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார். நடிகர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பஞ்சர்னு யாராவது வந்தா முதல்ல அவங்ககிட்ட என்ன கேப்பீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஸ்டெப்னி இருக்கான்னு கேப்பேன். இருந்தா அதை மாட்டி அனுப்பிட்டு, பஞ்சரானதை அப்புறமா நிதானமா..."

அக்காவின் பேச்சு பாதியில் நின்றது. அவள் பார்வை மெல்ல ஜீப்பின் பின்பக்கம் போனது.

"இன்னிக்கு ஏன் கேக்கல?"

"இருந்த எரிச்சல்ல... தோணல மேடம்."

"உங்களுக்குத் தோணாதது சரி." இன்ஸ்பெக்டர் ஹோட்டல்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏன் தோணல? உயிர் போற அவசரம். பின்னாடி ஸ்டெப்னி தொங்குது. அதை மாட்டியிருந்தா எப்பவோ சந்தைக்குப் போயிருக்கலாம். அதைத் தொடவே இல்லாம என் பக்கத்துல உக்காந்து வேர்த்துட்டு இருக்கீங்க."

"அது... அதுவும் பஞ்சர் மேடம்."

"அப்படின்னா அதையும் இறக்கி ஒட்டச் சொல்லியிருப்பீங்க. ஏட்டய்யா, அந்த முகத்தைக் கழட்டுங்க."

ஏட்டு நடிகரின் முகத்தைக் கொஞ்சம் பயபக்தியோடுதான் உருவினார். உள்ளே சக்கரம் இல்லை. ஸ்டெப்னி மாட்டும் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிய வெறும் டயர் இருந்தது. அவிழ்த்துத் திருப்பினார். வெள்ளை எழுத்து.

வாசலில் யாரும் சிரிக்கவில்லை.

"இது யாரோ..." என்று ஆரம்பித்தார் ஹோட்டல்காரர்.

"யாரோ வச்சுட்டாங்களா?" இன்ஸ்பெக்டர் தகர டப்பாவைக் கவிழ்த்தார். பெஞ்சில் பரவிய துருப்பிடித்த ஆணிகளுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒன்று கிடந்தது. அதன் கொண்டையில் நீலம். அதைக் கொண்டுபோய்ச் சுவரின் பள்ளத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே நீலம். "விடியறதுக்கு முன்னாடி சந்தைக்குக் கிளம்பறப்ப, கட்டில்ல தம்பி இல்லாததைப் பாத்து, ஜீப்பை இங்க நிறுத்தி டயரை இழுத்தீங்க. ஆணியும் கூடவே வந்து வாசல்ல விழுந்தது. இருட்டுல அது மேலயே வண்டியை ஏத்திட்டுப் போனீங்க. காத்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கி, திரும்பி வர்றப்ப முழுசா உக்காந்துடுச்சு. நாங்க தேடின ஆணியை நீங்களே திருப்பிக் கொண்டு வந்து குடுத்துட்டீங்க."

"ஆனா மேடம், திருடின டயரை யாராவது எல்லார் கண்ணுலயும் படற மாதிரி வச்சுட்டுச் சுத்துவாங்களா?" என்றார் ஏட்டு.

"ஹோட்டலுக்குள்ள ஒரு டயர் கிடந்தா ஏன்னு கேப்போம். ஜீப்புல டயர் இருந்தா யாரு கேக்கறது? அதுவும் மேல அந்த முகம் இருக்கறப்ப. நீங்க எல்லாரும் அவரைத்தானே பாத்துட்டு இருந்தீங்க? இவரோட சொந்த ஸ்டெப்னி ஹோட்டல்லதான் எங்கயாவது இருக்கும். போய்ப் பாருங்க."

இருந்தது. வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால்.

இன்ஸ்பெக்டர் இன்னும் முடிக்கவில்லை. "ஒரே ஒரு கேள்வி பாக்கி. இது அவங்களே எழுதிக்கிட்ட பொய்யின்னா, நீங்க பயப்பட என்ன இருக்கு? டிவிக்காரங்க நடிகர்கிட்டக் காட்டினா அவரே இல்லைன்னு சொல்லியிருப்பாரு. அதோட இவங்க மானம் போயிருக்கும். உங்களுக்கு லாபம்தான். பொய்யை யாரும் திருட மாட்டாங்க. இது நிஜம்னு தெரிஞ்ச ஆளுதான் திருடணும். எப்படித் தெரிஞ்சுது?"

ஹோட்டல்காரர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

"பாத்தேன் மேடம். கல்லாவுல உக்காந்து எல்லாத்தையும் பாத்தேன். சட்டையை மாத்திட்டு, மேஜையைத் தொடைச்சு வச்சுட்டு, வாசல்ல வந்து நின்னேன். எதிர்லதான் அவ்வளவு நேரம் உக்காந்திருந்தாரு. இந்தத் தொட்டி மேல. என் கடை பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பல." மூக்கை உறிஞ்சினார். "அவருக்கு என் கடை கண்ணுல படல. அதை எப்படி நான் ஊர்ல சொல்றது? சாப்பிட்டாருன்னு சொல்லி வச்சுட்டேன், டிவிக்காரங்க அவரைக் கேட்டா அதுவும் வெளியில வந்துடும்."

"ஆக, சாட்சி இல்லாமப் போகல" என்றார் இன்ஸ்பெக்டர், கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி. "ஒரு வருஷமா எதிர்க் கடையிலயே இருந்திருக்கு."

பதினோரு மணிக்கு டிவிக்காரர்கள் வந்தபோது தெருவே கடை வாசலில் நின்றது. நேற்றுவரை சிரித்தவர்கள், தாங்கள் எப்போதுமே நம்பியதாகச் சொல்லிக்கொண்டார்கள். 'நடிகர் அக்கா' என்று அழைத்தார்கள். இப்போது கிண்டல் இல்லை. அக்காவுக்கு அதைக் கேட்க இன்னும் ஆத்திரமாக வந்தது.

டயரோடு இன்ஸ்பெக்டர் விட்டுப்போன நீலக் கொண்டை ஆணியை அவள் எடுத்து, பழைய பள்ளத்துக்கு ஒரு சாண் தள்ளி சுவரில் அடித்தாள். டயரைத் தூக்கி மாட்டினாள். எழுத்து சுவரைப் பார்த்தது. வெளியே தெரிந்தது கறுப்பு ரப்பர் மட்டும்தான்.

"அம்மா, திருப்பி மாட்டிட்டீங்க" என்றார் கேமராக்காரர்.

"தெரிஞ்சுதான் மாட்டினேன்."

"கையெழுத்து தெரிய வேணாமா? அதை எடுத்துட்டுப் போய் சாரைக் கேட்டாத்தானே வந்தாரா இல்லையான்னு..."

"வந்தது என் கடைக்கு. அதைச் சொல்ல நான் இருக்கேன். அவரை எதுக்குக் கேக்கணும்? ஒரு வருஷம் அந்த எழுத்து இந்தத் தெருவைப் பாத்துட்டு இருந்துச்சு. ஒருத்தர் நம்பல. ஒரு திருடன் பிடிபட்டாத்தான் என் வார்த்தைக்கு மரியாதைன்னா, அந்த மரியாதை எனக்கு வேணாம்."

"அப்ப நாங்க எதைம்மா எடுக்கறது?"

அக்கா ஹோட்டல்காரரின் சக்கரத்தைத் தன் பக்கம் உருட்டினாள். ஆள் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். ஒட்டின ட்யூப்பு காய்ந்து, இன்னும் உள்ளே போகாமல் கிடந்தது. கரி படிந்த இரண்டு கைகளையும் கேமராவுக்கு நேராக விரித்துக் காட்டினாள்.

"இதை எடுங்க. அவர் எழுதினது இந்தக் கையைப் பத்தித்தான்."

பிறகு லீவரை எடுத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள்.