கோடு இல்லாத வயிறு

பொம்மையின் வயிற்றில் கோடு இல்லை.

எந்த டைனோசர் பொம்மையானாலும், அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு இருந்தே தீரும். மட்டமான சரக்கில் அது தழும்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், உயர்ந்த சரக்கில் நகத்தால் தடவினால்தான் தட்டுப்படும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார், காலையில் பார்சலில் வந்த இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அலமாரியில் அடைந்து கிடக்கும் நானூறு பொம்மைகளில் ஒன்றுகூட இப்படி இல்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

தரம் பார்க்க அவருக்கென்று ஒரு வழி உண்டு, அருவருப்பான வழி. வாலை லேசாகக் கடித்துப் பார்ப்பார். பல் வழுக்கினால் உயர்ந்தது, பதிந்தால் மட்டம்.

"இன்னும் புண்ணே ஆறல. அந்தக் கருமத்த இன்னிக்காவது வாயில வைக்காதீங்க," என்று சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

"வைக்கலம்மா," என்று சொல்லிவிட்டுக் கடித்தார்.

வால் நுனி வாயோடு வந்துவிட்டது. உப்புக் கரித்தது. பதறிப்போய்த் துப்பினார், எச்சில்தான் விழுந்தது. விழுங்கித் தொலைத்திருப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கோணலாயிருந்த பின்னங்காலை நிமிர்த்த, வழக்கம்போல் பொம்மையை வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டார். சூட்டில் பிளாஸ்டிக் இளகும். இது இளகவில்லை, தண்ணீரின் மேல் மஞ்சளாகக் கொழுப்பு ஆடை கட்டியது, நாள்பட்ட புண்ணின் கட்டைப் பிரித்தால் வருமே, அந்தச் சீழ் வாடை குப்பென்று கிளம்பித் தொண்டை வரை இறங்கியது. வெந்நீருக்குள் பொம்மையின் கால் தானாக மடங்கியது. மறுபடி நீண்டது.

வால் அறுந்த இடத்தில் நீர் கசிந்தது. நடுவில் வெள்ளையாக ஓர் எலும்பு முனை.

கண்ணாடிக்கு ஓடினார். வாயைத் திறந்தார்.

அதே வாடை.

பல் பிடுங்கிய குழியில் டாக்டர் தையல் போட்டிருந்தார். தையலைக் காணோம். குழியையும் காணோம். நாக்கால் தடவினார். ஏதோ புடைத்திருந்தது. வெதுவெதுப்பாக. வழவழவென்று. ஈறு எங்கே முடிகிறது, அது எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடினார்.

கோடே இல்லை.

"என்னாச்சு? வாயத் தொறங்க, பாப்போம்." டார்ச்சோடு மனைவி வந்து நின்றாள்.

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினார். உள்ளே, நாக்கின் மேல், குட்டியாக ஒரு கால் மடங்கியது.

மறுபடி நீண்டது.