பதினைந்தாவது டெஸ்ட் டிரைவ்!

ஃபோன் அலறியது.

ஸ்தாமென் முதுகு வளையாமல் எட்டி எடுத்தார். எழுபத்தோரு வயது. முப்பத்தெட்டு வருடம் ப்ளேவென் ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். அமைச்சர் வந்து இறங்கியபோதும் அந்த முதுகு வளைந்ததில்லை.

"ஐயா! கான்ச்சோ பேசறேன்... பழைய கார் கடை கான்ச்சோ! நீங்க கேட்ட ரெண்டு வண்டியும் வந்தாச்சு!"

"ரெண்டுமா?"

"ரெண்டும்! ஜெர்மன்காரன் ஒண்ணு, ஜப்பான்காரன் ஒண்ணு. ரெண்டும் எஸ்யூவி. நடுத்தர சைஸ், ராஜா வீட்டு சொகுசு! பொண்ணு பார்க்கற மாதிரி ஒரு வருஷமா பார்த்துக்கிட்டே இருக்கீங்க. இன்னிக்காவது ஒண்ணைப் பிடிச்சிருக்குன்னு சொல்லிடுங்க!"

"கலர்?"

"மழை மேகம் மாதிரி சாம்பல்!"

ஸ்தாமென் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து மணிக்கு வர்றேன்."

வைத்துவிட்டார்.

அவருக்குக் கார் வேண்டாம்.

கொலைகாரன் வேண்டும்!

போன வருடம் மார்ச் ஆறாம் தேதி. மாலை. மழை. பாப்ளர் மரச் சாலையில் அவர் மனைவி ராய்னா ரொட்டிப் பையோடு நடந்து வந்தாள். பின்னால் வந்த வண்டி அடித்துத் தூக்கியது...

நிற்கவே இல்லை!

போலீசுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தடயம். வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி மூடியிலிருந்து உடைந்த சாம்பல் நிறத் துண்டு.

"ரெண்டு கம்பெனிக்கும் ஒரே பட்டறைதான் இந்த மூடியைச் செஞ்சு தருது. ஜெர்மன் வண்டியா இருக்கலாம், ஜப்பான் வண்டியா இருக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். அதோடு ஃபைல் தூங்கப் போய்விட்டது.

ஸ்தாமென் தூங்கவில்லை.

மார்ச் முதல் தேதியானால் ஊரே மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூல் கட்டிக்கொள்ளும். மார்தெனித்ஸா. முதல் நாரை கண்ணில் படும் வரை கழற்றக் கூடாது. மற்றவர்கள் அதில் மணி கோப்பார்கள். ராய்னா மட்டும் கணவரின் பழைய யூனிபார்ம் கையிலிருந்து வெட்டிய பித்தளைப் பட்டனைக் கோப்பாள். சிறகு முளைத்த சக்கரம் பொறித்த பட்டன். அப்படி ஒரு மார்தெனித்ஸா உலகத்திலேயே ஒன்றுதான்.

ஆஸ்பத்திரி அவள் மோதிரத்தைத் தந்தது. கைக்கடிகாரத்தைத் தந்தது.

நூலைத் தரவில்லை!

அவள் மணிக்கட்டில் நூல் அறுத்த கோடு மட்டும் சிவப்பாக இருந்தது.

சாலையோரத்தில் மூன்று நாள் மண்டியிட்டுத் தேடினார். அந்த முதுகு வளைந்தது அப்போது மட்டும்தான். கிடைக்கவில்லை. சாலையில் இல்லையென்றால்...

வண்டியில்!

மோதி அறுந்தது எதுவும் வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியின் இடுக்கில் விழலாம், வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னான். அன்றிலிருந்து பதினான்கு கடைகள். எங்கே சாம்பல் நிற வண்டி விற்பனைக்கு வந்தாலும் கார் வாங்குகிறவராகப் போய் நிற்பார். "துரு இருக்கான்னு பார்க்கணும்" என்று மூடியைக் கழற்றச் சொல்வார்.

மகனிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. ஓக்னியானுக்கு முப்பத்து நாலு வயது. ஒரே பிள்ளை. அம்மா பிள்ளை. முன்கோபி. தெரிந்தால் அந்த டிரைவரைத் தேடிப் பிடித்துக் கழுத்தை நெரிப்பான்... ஜெயிலுக்குப் போவான்... மூன்று தலைமுறையாகக் கறை படாத பெயர் பேப்பரில் வரும்.

அப்பாவுக்குக் கார் ஆசை என்றே அவன் நம்பட்டும்!

* * *

"அப்பா, ஜப்பான் வண்டியே எடுத்துடலாம்ப்பா" என்றான் ஓக்னியான், தன் பழைய சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டே.

"ஏன்?"

"ரிப்பேரே வராது. பின்னாடி இடம் அதிகம். ஜெர்மன் வண்டின்னா ஒரு பல்பு போனாக்கூட பாதி பென்ஷனைக் கேப்பான்."

"பதினாலு கடையிலயும் இதையேதான் சொன்னே. ஜெர்மன்காரன் உனக்கு அப்படி என்னடா துரோகம் பண்ணான்?"

ஓக்னியான் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

கான்ச்சோவின் கடை வாசல் மரத்தில் ராய்னா இருந்தாள். ஓராண்டு நினைவு நோட்டீஸ். கறுப்புக் கட்டம், நடுவில் அவள் புகைப்படம். நேற்று ஸ்தாமெனே ஊர் முழுக்க ஒட்டிய நோட்டீஸ். அவர் தொப்பியைக் கழற்றி நின்றார்.

ஓக்னியான் வேறு பக்கம் பார்த்தான்.

"வாங்க வாங்க!" கான்ச்சோவின் வயிறு முதலில் வந்தது. பின்னால் அவன் வந்தான். கையில் ரக்கியா சாராய பாட்டில். "ஐயா, இன்னிக்கு வண்டி எடுத்தா இங்கயே ஒரு வாய் குடிச்சு நனைச்சுடணும்! நனைக்காத வண்டி மலை ஏறாது!"

"பாட்டிலை உள்ளே வை. குடிச்சிட்டு ஸ்டீயரிங் தொடற வழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது."

"அடேயப்பா! ஐயா இன்னும் ரிட்டயர் ஆகலை, பச்சைக் கொடிதான் கையில இல்லை!"

இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே சாம்பல்.

"இது ஜப்பான். மருமக மாதிரி, சொன்ன பேச்சு கேக்கும். இது ஜெர்மன். மாமியார் மாதிரி... செலவு வைக்கும், ஆனா உள்ளே உக்காந்தா என்ன மரியாதை! சீட்டுக்கே சூடு வரும். கூரை முழுக்கக் கண்ணாடி!"

ஓக்னியான் ஜெர்மன் வண்டியையே பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"இது... எங்கேர்ந்து வந்துச்சு?"

"ரூசேயிலேர்ந்து தம்பி. டானூப் நதியைத் தாண்டி ருமேனியாவுக்குப் போயிருக்க வேண்டிய வண்டி. வாங்கறேன்னவன் கம்பி நீட்டிட்டான். வண்டி என் தலையில வந்து விழுந்துச்சு."

"அப்பா... நான் ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வர்றேன். வாசல்ல நிக்கறேன்."

போய்விட்டான். மரத்துக்கு அருகே, பத்தடி தள்ளி, முதுகைக் காட்டி நின்று சிகரெட் பற்ற வைத்தான்.

முதலில் ஜப்பான் வண்டி. கான்ச்சோ வைப்பர் மூடியைத் தூக்கினான். காய்ந்த இலைகள். அவ்வளவுதான்.

அடுத்தது ஜெர்மன்.

"துரு இருந்தா என் மீசையை எடுத்துக்கறேன்!"

"உனக்கு மீசையே இல்லையேடா."

"அந்த தைரியம்தான்!"

மட்கிய இலைகளுக்குள் ஸ்தாமென் விரல் விட்டுத் துழாவினார். ஈரம்... மண்... ஏதோ ஒரு நூல்...

இழுத்தார்!

கறுத்துப்போன நூல். அதன் நுனியில் பச்சைக் களிம்பேறிய பட்டன்.

கட்டைவிரலால் தேய்த்தார்.

சிறகு. சக்கரம்.

ராய்னா...!

"என்ன கிடைச்சுது ஐயா?"

"குப்பை." உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டார். "கான்ச்சோ... இதுக்கு முன்னாடி இந்த வண்டி யார் பேர்ல இருந்துச்சு?"

"ரூசேக்காரன் கொடுத்த பேப்பர் உள்ளே இருக்கு. எடுத்துட்டு வர்றேன். நீங்க உக்காந்து பாருங்க. சாவி உள்ளேதான்."

கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி என்ஜினைக் கிளப்பினார். நடுவில் இருந்த திரை ஒளிர்ந்தது.

இனி மகனிடம் மறைக்க முடியாது. போலீசுக்கு முன்னால் அவனுக்குத்தான் தெரிய வேண்டும். அம்மாவைக் கொன்ற வண்டி கிடைத்துவிட்டதென்று...

மொபைலை எடுத்து மகன் எண்ணை அழுத்தினார்.

ட்ரிங்ங்ங்!

துள்ளிவிட்டார். சத்தம் வாசலிலிருந்து வரவில்லை.

வண்டியின் நாலு கதவுகளிலிருந்தும் வந்தது!

திரையில் பெரிய எழுத்தில் ஒளிர்ந்தது:

'அப்பா அழைக்கிறார்.'

ஸ்தாமென் அந்த எழுத்துகளையே பார்த்தார். அழைப்பது நான். அழைக்கப்படுவது என் மகனின் ஃபோன். அதை இந்த வண்டிக்கு எப்படித் தெரியும்...?

மகனின் ஃபோன் முன்பே இந்த வண்டியோடு இணைக்கப்பட்டிருந்தால்தான் தெரிந்திருக்க முடியும்.

நிமிர்ந்தார். ஓக்னியான் வாசலிலிருந்து வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தான். கையில் ஃபோன். அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

"உக்காரு" என்றார் ஸ்தாமென்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். ஸ்பீக்கர் இன்னும் அலறியது. அவர் அழைப்பைத் துண்டித்து, உள்ளங்கையைத் திறந்து பட்டனைக் காட்டினார்.

"சொல்லு."

"உங்க எழுபதாவது பிறந்த நாளுக்கு வாங்கினேன்ப்பா... நீங்கதான் ஒரு நாள் சொன்னீங்க, ஜெர்மன் வண்டியிலதான் முதுகை நிமிர்த்தி உக்கார முடியும்னு. முதல்ல அம்மாகிட்ட காட்டிட்டு..."

"குடிச்சிருந்தியா?"

"ஆபீஸ்ல எல்லாரும் வண்டியை நனைக்கணும்னு... நாலு கிளாஸ்."

"அடிச்சப்போ என்ன நெனச்சே? மரக்கிளைன்னா?"

ஓக்னியான் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"மனுஷங்கன்னு தெரிஞ்சுதுப்பா. அம்மான்னுதான் தெரியலை."

"வேற யாரோன்னா விட்டுட்டு ஓடலாமா?"

ஓக்னியான் நடுத் திரையைக் கை காட்டினான்.

"அரை மணி நேரம் கழிச்சு ஒரு ஃபோன் வந்துச்சு. இந்த வண்டியில வந்த முதல் ஃபோன். இதே ஸ்பீக்கர்... இதே திரை... 'அப்பா அழைக்கிறார்'னு. எடுத்தேன். அம்மாவை யாரோ அடிச்சுப் போட்டுட்டாங்கடான்னு நீங்க..." அவன் குரல் உடைந்தது. "அதுக்கப்புறம் உங்க ஃபோன் வந்தாலே எனக்கு எடுக்கப் பயமா இருக்குப்பா."

ஸ்தாமெனுக்கு நினைவு வந்தது. அன்று ஆஸ்பத்திரிக்கு இவன் டாக்ஸியில் வந்தான். சவப்பெட்டியின் முன் மூலையை இவன்தான் தோளில் சுமந்தான். பதினான்கு கடைகளிலும் ஜெர்மன் வண்டியின் பக்கமே போக விடாமல் இழுத்தான்.

எதையுமே அவர் கவனிக்கவில்லை. கண் முன்னால் நின்றவனை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடினார்!

"யாருக்கும் தெரியாதுப்பா..." ஓக்னியான் அவர் கையைப் பிடித்தான். "அந்தப் பட்டனை இருந்த இடத்துலயே போட்டுட்டா போதும். நம்ம குடும்பத்துப் பேரு..."

ஸ்தாமென் உள்ளங்கையில் இருந்த பட்டனைப் பார்த்தார். மிச்சம் இருப்பது இவன் ஒருத்தன்தான். இவனும் போய்விட்டால் வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

வாசல் மரத்திலிருந்து ராய்னா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பட்டனை மகன் கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். அவன் சின்னவனாக இருந்தபோது இரண்டு காசு கொடுத்துக் கடைக்கு அனுப்புவாரே, அதே மாதிரி.

"பேரைக் காப்பாத்தத்தான்டா போறோம். இதை நீயே இன்ஸ்பெக்டர் மேஜை மேல வைக்கணும். நீயே உன் வாயால சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

"அப்பா..."

"பெல்ட்டைப் போடு."

ஓக்னியான் குழந்தை மாதிரி அழுதான். பெல்ட் பூட்டைத் தேடிய அவன் விரல்களுக்குக் கண் தெரியவில்லை. ஸ்தாமெனே இழுத்து மாட்டிவிட்டார். ஒரு நிமிடம் அவன் தலைமேல் கை வைத்தார். பிறகு முதுகை நிமிர்த்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

தான் அன்று சொன்னது சரிதான். முதுகு நிமிர்த்தி உட்கார நல்ல வண்டி!

கான்ச்சோ ஒரு கையில் பேப்பரோடும் ஒரு கையில் பாட்டிலோடும் ஓடி வந்தான்.

"ஐயா! அப்போ ஜெர்மன்தானா? முடிவு பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

"டெஸ்ட் டிரைவா? எதுவரைக்கும்?"

"போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும்."

கான்ச்சோ கடகடவென்று சிரித்தான். "ஐயாவுக்கு எப்பவும் தமாஷ்! சரி சரி, வண்டியைப் பத்திரமா திருப்பிக் கொண்டாந்துடுங்க ரெண்டு பேரும்!"

ஸ்தாமென் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.

"காத்திருக்காதே கான்ச்சோ... போறது ரெண்டு பேர், திரும்பி வர்றது ஒருத்தன். அதுவும் பஸ்லதான்!"