வாத்துக்குச் சுருட்டை முடி

“அக்கா, வாத்துக்கு ஏன் கொம்பு முளைக்குது?”

குரல் சைக்கிளின் முன்கூடையிலிருந்து வந்தது. கூடையில் மடித்த துண்டு. துண்டின் மேல் அப்பாவின் செல்போன். செல்போனுக்குள் தம்பி.

“தெருவைத் தோண்டிப் போட்டிருக்காங்கடா. சுத்திக்கிட்டுத்தான் வரணும்,” என்றாள் அக்கா.

“நேத்து அங்க குழி இல்லையே.”

“இன்னைக்கு இருக்கு. வேணும்னா வந்து பாரு.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தம்பியால் வர முடியாது. அவனுடைய கால் முழங்கால்வரை மாவுக்கட்டுக்குள் இருந்தது.

ஆற்றோரத் தெருக்களை அவனைப் போல அறிந்தவர்கள் யாரும் கிடையாது. எந்தத் தெரு எங்கே வளையும், எந்தச் சந்து எங்கே முட்டும், எல்லாம் மனப்பாடம். வயது ஒன்பதுதான். அவன் சைக்கிளிலிருந்து ஒரு நாளும் விழுந்ததில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, வளைவில் எப்படிச் சாய வேண்டும் என்று அக்காவுக்குக் காட்டினான். சாய்ந்தான். கட்டில் முடிந்துவிட்டது.

அன்று ஆற்றோரச் சைக்கிள் சங்கத்தின் போட்டி. சைக்கிளை ஓட்டியே படம் வரைய வேண்டும். காகிதம் கிடையாது, பென்சில் கிடையாது. சைக்கிள் போகிற வழியெல்லாம் செல்போனில் ஒரு சிவப்புக் கோடு விழுந்துகொண்டே வரும். பாலத்தடியில் கிளம்பி, பத்து மணிக்குள் பாலத்தடிக்கே திரும்பிவிட வேண்டும். கோட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. விழுந்த கோட்டை அழிக்கவும் முடியாது.

சங்கத்துக்குப் பிடித்த படத்தைப் பாலத்துப் பலகையில் பெரிதாகத் தீட்டி, வழி கண்டுபிடித்தவரின் பெயரைக் கீழே எழுதுவார்கள். அந்தப் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை. அதற்காக மூன்று வாரம் உட்கார்ந்து, தெருக்களுக்குள்ளிருந்து ஒரு வாத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

அவன் ஓட்டுவது, அக்கா கூட வருவது என்றுதான் முதலில் ஏற்பாடு. இப்போது அக்கா ஓட்டினாள். அவன் வீட்டுக் கணினியில் சிவப்புக் கோட்டைப் பார்த்தபடி அதிகாரம் செய்தான்.

“கொம்பு போகட்டும். சின்னதாத்தான் இருக்கு,” என்றான் தம்பி. “முதுகு சரி, கழுத்து சரி. இப்ப படகுத்துறைவரைக்கும் போய்த் திரும்பினா அலகு. அப்புறம் ஆத்தோரமா நேரா வந்தா வயிறு. முடிஞ்சுது.”

மணி ஒன்பது பத்து. படகுத்துறைச் சரிவில் அக்கா ஜம்மென்று இறங்கினாள்.

சரிவின் கடைசியில் ஒரு விளக்குக் கம்பம். கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சைக்கிளை விட்டு இறங்காமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். புதுத் தலைக்கவசம், புதுக் கையுறை, மஞ்சள் கோடு போட்ட இறுக்கமான சட்டை. பார்த்தால் உலகத்தைச் சுற்றக் கிளம்பியவர் மாதிரி இருந்தது.

அது பல் டாக்டர்.

“என்ன ஆச்சு டாக்டர்?”

“ஒண்ணும் இல்லம்மா. சும்மா ஆத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

ஆறு அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“எவ்வளவு நேரமா?”

“இருபது நிமிஷமா,” என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “யார்கிட்டயும் சொல்லிடாதே. இப்பதான் சைக்கிள் கத்துக்கிட்டேன். பூங்காவுல நீரூற்றைச் சுத்திச் சுத்தி, ஒரு மாசம். சுத்தினது எல்லாம் ஒரே பக்கம். இடது பக்கம். நேராப் போறது போன வாரம் வந்துடுச்சு. வலது பக்கம் திரும்ப மட்டும் இன்னும் வரலை.”

“கையைத் திருப்பினா வந்துடுமே?”

“கை கேக்குதும்மா. மனசு கேக்க மாட்டேங்குது.”

“அப்ப இங்க எப்படி வந்தீங்க?”

“வீட்டை விட்டு இடது. அப்புறம் இடது. அப்புறமும் இடது. ரொம்ப அழகா வந்தேன். இப்ப திரும்பிப் போகணும்னா எல்லாம் வலதா இருக்கு. ஏன்னே தெரியலை.”

அக்காவுக்கு ஏன் என்று தெரிந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

“இறங்கி நடந்துடலாமே டாக்டர்?”

“நடந்தா பத்தரை ஆகும். ஒன்பதே முக்காலுக்கு உங்க ஸ்கூல் பஸ் டிரைவர் வர்றாரு. நேத்துலேர்ந்து வலியாம். கன்னம் பன் மாதிரி வீங்கிக் கிடக்கு.”

“வீட்டுக்குப் போன் போடட்டுமா?”

“வீட்டுல அவங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதோட...” டாக்டர் கம்பத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார். “ரெண்டு பக்கமும் திரும்பத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

கூடை பேசியது. “அக்கா, யார்கிட்ட கதை பேசிக்கிட்டிருக்கே? சிவப்புக் கோடு நகரவே இல்லை.”

டாக்டர் திடுக்கிட்டுக் கூடையைப் பார்த்தார். “உள்ள யாரு?”

“என் தம்பி.”

“கீழ்வரிசை, இடது கடைவாய்ப் பல்?”

“அவனேதான்.”

அந்தப் பல்லைப் பிடுங்கும்முன் டாக்டர் சொன்ன பொய்யைத் தம்பி இன்னும் மறக்கவில்லை.

அக்கா விஷயத்தைச் சொன்னாள். பல் ஆஸ்பத்திரி ஊருக்கு நடுவில் இருந்தது. அங்கே போவதென்றால் வாத்தின் வயிற்றுக்குள் புகுந்துதான் போக வேண்டும்.

“அப்ப வாத்து?” என்றது கூடை. குரல் சின்னதாகிவிட்டது.

அக்கா தம்பியின் மூன்று வாரத்தை நினைத்தாள். பஸ் டிரைவரின் கன்னத்தையும் நினைத்தாள். அவள் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால், பஸ்ஸைக் கிளப்பாமல் நிறுத்தி வைக்கிறவர் அவர்.

“வாத்து போகட்டும்டா. நான் டாக்டரைக் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

“எப்படியாவது போ,” என்றது கூடை.

அக்கா டாக்டரின் சைக்கிளை மேட்டுப் பக்கம் திருப்பி, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். டாக்டர் கம்பத்தை விட்டார். ஒரேயடியாக விடவில்லை, ஒவ்வொரு விரலாக விட்டார்.

நேர்ச் சாலையில் ஒரு குறையும் இல்லை. முதல் முனை வந்தது. அங்கே வலது பக்கம் திரும்ப வேண்டும்.

“வலதும்மா,” என்றார் டாக்டர். “வலது... வலது...” சொல்லிக்கொண்டே நேராகப் போய்விட்டார்.

அக்கா விரட்டிக்கொண்டு போனாள். இப்படியே விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அவருக்குத் தெரிந்தது இடதும் நேரும்தான். இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். மனசுக்குள் கட்டம் கட்டமாகத் தெருக்களைப் போட்டுப் பார்த்தாள்.

“டாக்டர், அடுத்த தெருவுல இடது எடுங்க!”

“ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இல்லையே?”

“பரவாயில்லை, எடுங்க. இப்ப மறுபடி இடது. இன்னொரு இடது. இப்ப நேரா.”

வந்த சாலையையே குறுக்கே தாண்டினார்கள். தாண்டியதும் டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். வலது பக்கம் திரும்பியிருந்தால் எந்தத் தெருவுக்குப் போயிருப்பாரோ, அதே தெருவில் போய்க்கொண்டிருந்தார். நம்ப முடியாமல் இரண்டு தடவை மணி அடித்தார்.

“மூணு இடது சேர்ந்தா ஒரு வலது, டாக்டர்.”

“இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு மாசம் பயந்திருக்க மாட்டேனேம்மா.”

அடுத்த வலது ரொட்டிக் கடை முனையில். அக்கா வாயைத் திறப்பதற்குள் கூடை பேசியது.

“அங்க மூணு இடது எடுக்க முடியாது. சந்து முட்டும். ஒரு தெரு தாண்டிப் போய் அங்க சுத்து.”

“கோபம் போயிடுச்சாடா?”

“போகலை. வழி மட்டும் சொல்றேன்.”

அதன் பிறகு தம்பி சொன்னான், அக்கா திருப்பிச் சொன்னாள், டாக்டர் திரும்பினார். பெரிய சாலையைக் கடக்கும் இடத்தில் டாக்டர் “ஐயோ, ஐயோ” என்றார்.

“டாக்டர், கண்ணை நல்லாத் திறந்து வெச்சுக்குங்க,” என்றது கூடை. “எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்.”

அவர் தம்பியிடம் சொன்ன அதே பொய். டாக்டர் சாலையைக் கடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் தம்பி மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை குரலில் சிரிப்பு முட்டிக்கொண்டு இருந்தது. “அக்கா, ஒவ்வொரு வலதுக்கும் ஒரு சுருள் விழுது. வாத்துக்குச் சுருட்டை முடி வந்துடுச்சு.”

ஒன்பது நாற்பத்து மூன்றுக்குப் பல் ஆஸ்பத்திரி வந்தது. டாக்டர் வாசலில் இருந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்து நின்றார். பஸ் டிரைவர் கன்னத்தில் கை வைத்தபடி எழுந்தார். அவரால் பேச முடியவில்லை. டாக்டர் வந்ததைப் பார்த்து, இன்னொரு கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“உள்ள வாங்க, உள்ள வாங்க,” என்று டாக்டர் மிடுக்காகச் சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்து, யாரிடமும் சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். அக்கா தலையாட்டினாள்.

“நான் நேரா பாலத்துக்குப் போயிடட்டுமாடா?” என்றாள் கூடையிடம்.

“வேண்டாம். நூலகத் தெருவுக்குள்ள போய்ட்டு அதே வழியாத் திரும்பி வா. அப்புறம் தபால் தெருவுலயும் அதே மாதிரி.”

“எதுக்கு?”

“கால் வேணும்.”

“வாத்துக்குத்தான் வயிறே கிழிஞ்சு போச்சே.”

“வாத்துக்கு இல்லைக்கா. ஆட்டுக்கு. கொம்பு இருக்கு, சுருட்டை முடி இருக்கு. கால் மட்டும்தான் பாக்கி. சீக்கிரம் மிதி.”

அக்கா மிதித்தாள். இரண்டு கால் போட்டு முடித்துப் பாலத்தடிக்கு வந்தபோது பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

சங்கத்தின் செயலாளரம்மா ஒவ்வொரு செல்போனாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் நட்சத்திரம் போட்டிருந்தார். ஒருவர் மீன், மிக நேர்த்தியான மீன். ஒருவர் போனது ஒரே நேர்க்கோடு. கேட்டதற்குப் பாம்பு தூங்குகிறது என்றார்.

அக்காவின் படத்தைச் செயலாளரம்மா நேராகப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். “ஆடா?”

“ஆடு,” என்றது கூடை.

“நாலு கால் வேணாமா?”

“பக்கவாட்டுல நிக்குது.”

“சரி. எதுக்கு இத்தனை சுருள்?”

அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “வாத்தாத்தான் கிளம்பிச்சு. வழியில ஒருத்தருக்கு உதவி பண்ண வேண்டியிருந்தது. அவங்களுக்கு இடது பக்கம் மட்டும்தான் திரும்பத் தெரியும். அதான் வலதுக்குப் பதிலா மூணு இடது. அவங்க யாருன்னு சொல்ல மாட்டேன்.”

செயலாளரம்மாவின் முகம் சிவந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அக்காவின் காதருகே குனிந்தார்.

“என்னைப் பத்தி உனக்கு யாரு சொன்னாங்க?”

அக்கா விழித்தாள். கூடை களுக்கென்று சிரித்தது.

செயலாளரம்மா நிமிர்ந்து தொண்டையைச் சரி செய்துகொண்டார். “மீன் ரொம்ப நல்லா இருக்கு,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “ஆனா மீனை வெச்சுக்கிட்டு நம்ம சங்கம் என்ன பண்ணும்? ஆடு உபயோகமா இருக்கும்.”

புதன்கிழமை பாலத்துப் பலகையில் ஆடு ஏறியது. அடியில், “ஆட்டு வழி. வலப்பக்கத் திருப்பம் கிடையாது” என்று எழுதியிருந்தது. அதற்கும் அடியில், வழி கண்டுபிடித்தவர்கள் என்று போட்டு இரண்டு பெயர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், எழுதுமேசை முன்னால் இருக்கும் அப்பாவின் சக்கரம் வைத்த நாற்காலியில் தம்பியை உட்கார வைத்து அக்கா பாலம்வரை தள்ளிக்கொண்டு வந்தாள். தம்பி தன் பெயரை நான்கு தடவை படித்தான். எழுத்துப் பிழை இல்லை.

பலகையின் கீழே ஆட்டு வழியில் போவதற்கு ஒரு வரிசை நின்றது. எல்லோரும் பெரியவர்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. முதல் ஆளாகச் செயலாளரம்மா. அடுத்து பல் டாக்டர். அவருக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர்.

தம்பி கடைசி ஆளைக் காட்டி அக்காவின் சட்டையை இழுத்தான். மூட்டு வலி என்று சொல்லி ஏழு வருடமாகச் சைக்கிளைத் தொடாத அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, முன்சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று வெகு நேரமாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.