ஒண்ணு, ஏழு, சைபர், அஞ்சு

பேய்க்கதை சொல்கிறவர்கள் அமாவாசை, ஆந்தை, நாய் ஊளை என்று ஆரம்பிப்பார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே பசுபதி முதலாளியின் வீட்டு வாசலில் நான் மொபெட்டை நிறுத்தியபோது மணி காலை பத்து. 1987 ஜூன் மாதம், வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வருகிறது.

என் பெயர் சேக் இஸ்மாயில். வயரிங் வேலை. டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர் ஒருவர் பெங்களூரிலிருந்து திருட்டு அலாரம் வரவழைத்து விற்க ஆரம்பித்திருந்தார். மாட்டிக் கொடுப்பது என் பொறுப்பு.

விஷயம் எளிது. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சுவிட்ச். கதவு திறந்தால் காந்தம் விலகும், சைரன் அலறும். வாசலுக்கு உள்பக்கச் சுவரில் எண் பொத்தான்கள் உள்ள சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் கீபேடு. வெளியே போகும்போது நமக்கு மட்டும் தெரிந்த நான்கு எண்ணை அழுத்தினால் அலாரம் விழித்துக்கொள்ளும். திரும்பி வந்து வாசல் கதவைத் திறந்ததும் முப்பது விநாடி பீப் பீப் என்று கேட்கும். அதற்குள் அதே எண்ணை அழுத்திவிட வேண்டும். இல்லையென்றால் ஊர் கூடிவிடும்.

பசுபதிக்குக் கீழமாசி வீதியில் மண்டி. மஞ்சள், மல்லி, வத்தல் மொத்த வியாபாரம். வீடு முழுக்க மஞ்சள் நெடி.

"நாலு கதவு, பாய். வாசல், கொல்லை, மொட்டமாடி, அப்புறம் இது" என்று வீட்டின் நடுவில் பெரிய பூட்டுத் தொங்கிய சாமான் அறையைக் காட்டினார்.

"இது உள்கதவுல்ல, மொதலாளி? வெளிய மூணும் மாட்டியாச்சுன்னா இதுக்கு எதுக்கு?"

"மாட்டச் சொன்னா மாட்டு. எனக்குப் பாடம் எடுக்காத."

"அப்ப பூட்டத் தொறந்து விடுங்க. சுவிட்ச உள்பக்கம் வச்சாத்தான் திருடன் கண்ணுல படாது."

"தொறக்க முடியாது. வெளியவே வையி."

அடுப்படிப் பக்கம் முகவாயைத் தூக்கிக் காட்டிவிட்டு, அங்கே கேட்கவேண்டும் என்றே குரலை உயர்த்தினார். "அஞ்சு தடவ ஆச்சு, பாய். காலைல எந்திரிச்சுப் பாத்தா பூட்டு தொறந்து தொங்குது. சாவி என் இடுப்புல இருக்கு. இந்த வேலக்காரி கள்ளச்சாவி வச்சிருக்கா. மிஷினு மாட்டட்டும். கையும் களவுமாப் பிடிச்சு இதே ரூம்புக்குள்ள போட்டுப் பூட்டுறேன். ரெண்டு நாள் கெடந்தா உண்மை தானா வாயில வரும்."

அந்த வேலைக்காரி தங்கப்பொண்ணு எனக்குத் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். முப்பது வயது இருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போனவன், வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். "எங்கிட்ட ஒரு சாவியும் இல்லண்ணே" என்றாள், உதடு மட்டும் அசைய. அப்போதே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. கூலிக்கு வந்தவனுக்கு என்ன வந்தது என்று வாயை மூடிக்கொண்டேன்.

மதியம் முதலாளி மண்டிக்குப் போனார். அவர் மனைவி வாலாம்பாள் சாப்பிட்டுவிட்டு மாடியில் படுத்தார். தங்கப்பொண்ணு கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்குக் கரண்டு போனது. மின்விசிறி சுற்றி அடங்கியபின் வீட்டில் ஒரு சத்தம் இல்லை. நான் சாமான் அறை நிலையில் கைத்துரப்பணத்தால் துளை போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, மணி என்னாச்சு?"

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல். களைத்த குரல். உள்ளே யாரோ மூட்டை அடுக்குகிறார்கள் போலிருக்கிறது, தோட்டத்துப் பக்கமாக வேறு வழி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரெண்டே கால், தாயி."

கொஞ்ச நேரம் கழித்து, "அவுக வந்துட்டாகளா?"

"இன்னும் இல்ல."

"கொஞ்சம் தண்ணி தாரீகளா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கைவேலையா இருக்கேன், தங்கப்பொண்ணு கொல்லையில இருக்கு, அதுகிட்டக் கேளு." இதைத்தான் சொன்னேன். பக்கத்திலேயே செம்பில் பாதித் தண்ணீர் இருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதன்பின் குரல் வரவில்லை. கதவிடுக்கு வழியாக ஒரு வாடை மட்டும் வந்தது. மஞ்சள் நெடியையும் மீறி, நாள்கணக்காகத் தண்ணீர் படாத மண்பானையின் வறண்ட வாடை.

ஐந்து மணிக்குச் சாமான்களை எடுத்து வைத்தேன். பேசிய மனுஷிக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போகக்கூடாதே என்று கதவைப் பார்த்து, "வாரேன் தாயி" என்றேன்.

உள்ளிருந்து பதில் வந்தது.

"நானும் வாரேண்ணே."

மறுநாள் காலை தங்கப்பொண்ணிடம், "சாமான் ரூம்புல வேல பாக்குற பொம்பள யாரு, நேத்து எங்கிட்டப் பேசுச்சே" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் கையிலிருந்த விளக்குமாறு விழுந்தது.

"அதுக்கு வேற வழியே கெடையாதுண்ணே. சன்னல்கூட இல்ல. நீங்க... அதுகிட்ட என்ன சொன்னீக?"

"மணி சொன்னேன். போகும்போது வாரேன்னு சொன்னேன்."

"வாரேன்னா சொன்னீக?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "எழவு வீட்ல போயி யாராச்சும் வாரேன்னு சொல்லுவாகளா?"

சொல்லமாட்டார்கள். எங்கள் தெருவிலும் அப்படித்தான். துட்டிக்குப் போனால் வாய் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வாரேன் என்றால் அங்கிருப்பது அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கூடவே கிளம்பிவிடும் என்பார்கள். அது எழவு வீடு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அடுப்படி வாசலில் நின்று, மாடியைப் பார்த்துப் பார்த்து, அவள் கிசுகிசுத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டில் வேலை பார்த்தவள் முருகம்மாள். வாலாம்பாளின் சங்கிலியைக் காணோம் என்று அவளை அந்த அறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். உண்மையைச் சொன்னால் திறப்போம் என்றார்கள். அன்றைக்கு வாடிப்பட்டியில் பசுபதியின் தங்கை மகள் ராஜிக்குக் கல்யாணம். குடும்பத்தோடு கிளம்பிப் போனார்கள். சாயங்காலம் திரும்புவதாக இருந்தவர்கள் மறுவீடு, விருந்து என்று மூன்று நாள் தங்கிவிட்டார்கள். அக்கினி நட்சத்திரம். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"சங்கிலி?"

"அந்தம்மா கல்யாணத்துக்குக் கொண்டுபோன பையோட அடித்துணிக்குள்ள கெடந்துச்சு. உள்ள செத்துக் கெடந்த முருகம்மாளுக்கு மாரடைப்புன்னு சொல்லி முடிச்சுட்டாக."

வேண்டுமென்றே கொன்றிருந்தால்கூட ஒரு கணக்கில் சேர்க்கலாம். இவர்கள் மறந்துபோனார்கள். பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கும்போது ஒருத்தருக்குக்கூட அவள் நினைவு வரவில்லை. இப்போது அதே வாயால் இன்னொருத்தியைப் போட்டுப் பூட்டுவேன் என்கிறான்.

பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். வேலை முடிந்திருந்தது. எண்ணை அவரே பதிய வேண்டும். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, கீபேடைக் கையால் மறைத்துக்கொண்டு அழுத்தினார். "மங்களகரமான நம்பரு, பாய். பொண்டாட்டிக்கிட்டக்கூடச் சொல்ல மாட்டேன்."

சோதித்துப் பார்க்க அவரே அந்த எண்ணை அழுத்தி அலாரத்தை எழுப்பிவிட, எல்லோரும் வெளியே வந்தோம். வாசல் பூட்டியாயிற்று. கொல்லையும் மாடியும் உள்தாழ்ப்பாள். வெளிமுற்றத்து வேப்பமரத்தடியில் பசுபதி, வாலாம்பாள், தங்கப்பொண்ணு, நான். நாலு பேர். வீட்டுக்குள் ஒரு ஜீவன் இல்லை.

"இனி எவ கை வைக்கிறான்னு பாப்போம்" என்று தங்கப்பொண்ணை முறைத்தார் பசுபதி.

சைரன் அலறியது.

காக்கைகள் கலைந்து பறந்தன. பசுபதி அடிப்பதற்குக் கையை ஓங்கியே விட்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடிக்க வேண்டியவள் அவருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள... யாரு?" என்றார் வாலாம்பாள்.

பீப்.

வாசல் கதவுக்குப் பின்னால், கீபேடில் பொத்தானை அழுத்தும் சத்தம்.

பீப். பீப். பீப்.

சைரன் நின்றது.

எண் தெரியாமல் யாராலும் அதை நிறுத்த முடியாது. எனக்கே தெரியாது. பசுபதிதான் கதவைத் திறந்தார். சாமான் அறைப் பூட்டு தரையில் கிடந்தது. கதவு அகலத் திறந்திருந்தது. அந்த மண்பானை வாடை வாசல்வரை வந்து நின்றது.

கீபேடில் பச்சை விளக்கு எரிந்தது. பொத்தான்களில் நான்கில் மட்டும் விரல் பட்ட மஞ்சள் அப்பியிருந்தது, அழுத்திய வரிசையில் ஒன்றைவிட ஒன்று மங்கலாக. ஒன்று. ஏழு. சைபர். ஐந்து.

"பதினேழு, அஞ்சாம் மாசம்" என்றேன். "இது என்ன தேதி, மொதலாளி?"

வாலாம்பாள்தான் முனகினார். "நம்ம ராஜி கல்யாணத் தேதிங்க."

அவருக்கு அது முகூர்த்தம். உள்ளே கிடந்தவளுக்கு? அந்தத் தேதியை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்?

"பூட்டி வச்சுட்டுப் போயி விருந்து தின்ன தேதியவா மங்களம்னு வச்ச? நீ மனுசந்தானா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "தங்கப்பொண்ணு மேல ஒரு பழி வந்துச்சு, ஜில்லா பூராவும் இந்தக் கதையச் சொல்லுவேன். சொல்லு, யாரு பூட்டத் தொறந்தது?"

"இவ... இவ இல்ல" என்றார். அதை மூன்று தடவை சொல்ல வைத்தேன், பக்கத்து வீட்டார் காதில் விழும்படி. அன்றைக்கே தங்கப்பொண்ணு அந்த வீட்டைவிட்டு இறங்கினாள். இப்போது ஆரப்பாளையத்தில் இட்லிக்கடை போட்டிருக்கிறாள். யாரும் அவளைத் திருடி என்று சொன்னதில்லை.

ஒரு வாரத்தில் பசுபதி ஆள் அனுப்பினார். எண்ணை மாற்றினால் கேட்கவில்லையாம். எதைப் போட்டாலும் சிவப்பு விளக்குத்தான். அந்தத் தேதியைப் போட்டால் மட்டும் பச்சையாம். கழற்றிவிடும்படி கெஞ்சினார். போய்க் கழற்றினேன். கீபேடு, சைரன், பேட்டரி, ஒரு துண்டு வயர் பாக்கி வைக்கவில்லை. துளைகளைச் சிமெண்டால் அடைத்தேன். மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டு வந்தேன்.

நேற்று மதியம் அந்தத் தெரு வழியாகப் போனேன். பசுபதி மண்டியிலிருந்து வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். ஆள் பாதியாக உருகிப் போயிருந்தார். கதவு திறந்ததும் எனக்கு நன்றாகக் கேட்டது, தெருவில் நின்ற எனக்கே.

பீப். பீப். பீப்.

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வலப்பக்கம் திரும்பினார். வெறும் சுவர். விரலை நீட்டி, சுண்ணாம்பின்மேல் நான்கு இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினார். உதடு அந்தத் தேதியைச் சொல்லியது.

சத்தம் நின்றது. அந்த வறண்ட மண்பானை வாடை தெருவரை வந்தது.

வீட்டுக்குள்ளே யாரோ, அவர் உள்ளே வர வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.