ஏழாம் இலக்கப் பலகை

மீசையின் இடப்பக்கம் ஒட்ட மறுத்தது.

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ, கோணப்போகுது," என்றாள் மெற்றில்டா.

"வாயை மூடினால் உமக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

பசையின் நெடியில் இருவருக்கும் கண் கலங்கியது. அப்போதுதான் அந்த ஒப்பனை அறையின் கதவு இரண்டு தரம் தட்டப்பட்டது.

"ஓம், வாறன்!" என்று குரல் கொடுத்தார் அவர். பவுடர் படிந்த கையால் மனைவியின் கன்னத்தைத் தட்டி, "போட்டு வாறன்," என்றுவிட்டு வெளியே போனார்.

மேடைக்குப் போகும் நடையில் பதினைந்து அடி தாண்டுமுன் விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள்.

ஒரு வருடம் கழித்து, ஒரு நவம்பர் ஞாயிறு பின்னேரம், மெற்றில்டா பிளேஸ்டோவில் இருந்த அந்தப் பழைய நாடகக் கொட்டகைக்கு மறுபடி வந்தாள். கட்டடத்தை மூடப்போகிறார்களாம். கணவரின் உடுப்புப் பெட்டி இன்னும் உள்ளே கிடந்தது.

"அம்மா, பத்து நிமிசம்தான்," என்றாள் காரில் இருந்த மகள் விதுஷா. "றோட்டு மஞ்சள் கோட்டிலை காரை விட்டிருக்கிறன். அபராத டிக்கெட் அடிச்சுப்போடுவான்."

கதவுத் திறப்போடு காத்திருந்தான் காவலாளி சுஜீத். உள்ளே ஈரச் சுவரும் பழைய வெல்வெட்டும் மணத்தன. மேடையோரத்தில் ஒரு மரச்சட்டம். எத்தனையாவது நிகழ்ச்சி நடக்கிறது என்று சபைக்குக் காட்ட, முந்திய காலத்தில் அதில் இலக்கப் பலகை செருகுவார்கள். இப்போது ஏழு நின்றது. போன வருடக் கலைவிழாவில் அவர்களுடைய இலக்கம் அது. படிக்குக் கீழே தூசுக்குள் கிடந்த பலகையை பஸ்தியாம்பிள்ளைதான் தேடியெடுத்து, சால்வையால் துடைத்து, "எங்கடை இலக்கத்தை ஏனடா ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று சிரித்தபடி செருகினார்.

"அன்ரி, ஒண்டு சொல்லவேணும்," என்றான் சுஜீத். "அண்டைக்கு மேடைக்குக் கூப்பிட உங்கடை கதவை நான் தட்டேல்லை. நான் மேடையிலை மைக் பூட்டிக்கொண்டு நிண்டனான்."

"அப்ப ஆர்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். நூறு வருடத்துக்கு முந்தி ஊரூராகப் போய் ஆடிப்பாடும் கோஷ்டிகள் ஞாயிறு ரெயிலில் வந்து திங்கள் இங்கே மேடையேறுமாம். அதில் ஒரு புருஷனும் பெண்சாதியும். சனத்தைச் சிரிக்க வைக்கும் பகிடிப் பாட்டுக்காரர். ஒரு தரம் அவள் தனியே மறுநாள் புறப்பட்டு வந்த ரெயில் பிந்திவிட்டது. ஏழாம் இலக்கம் வந்ததும் அவன் தனியே மேடையேறி, பாதியில் விழுந்து செத்துப்போனான். அவள் ஓடிவந்து ஒப்பனை அறைக் கதவைத் தட்டினாள். மறுமொழி இல்லை.

"அதுக்குப் பிறகு இஞ்சை ஒருத்தரும் ஏழு செருகிறேல்லை அன்ரி. ஆறுக்குப் பிறகு எட்டுத்தான். இப்பவும் தட்டுறாவாம். 'வாறன்' எண்டு சொல்லுற ஆளைக் கூட்டிக்கொண்டு போயிடுவா. தட்டினால் அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதேங்கோ."

மெற்றில்டா ஒப்பனை அறைப் பக்கம் திரும்பினாள். தனியே உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு இருந்தாள். பெட்டியைத் திறந்தாள். மீசை, சால்வை, பவுடர் டப்பா. டப்பாவை முகத்தோடு அணைத்தாள்.

மின்குமிழ் மங்கியது.

வெளியே, நடையில், குதியுயர்ந்த சப்பாத்தின் ஓசை மெல்ல வந்து நின்றது.

இரண்டு தட்டு.

அவளுக்குப் பயம் வரவில்லை. அதுதான் பயங்கரம். "வாறன்" என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றது. சொன்னால் போதும். பதினைந்து அடிதான். வெளியே விதுஷா காரில் காத்திருப்பது எங்கோ தூரத்து நினைவாக இருந்தது.

வாயைத் திறந்தாள்.

மறுபடி இரண்டு தட்டு. இந்தத் தட்டு வேறு. அதைத் தொடர்ந்து ஒரு குரல், மீசைக்குள்ளிருந்து வருவது போல.

"வீட்டிலை ஆரும் இருக்கினமோ?"

அவர்களுடைய நாடகத்தின் முதல் வசனம். பிந்தி வந்த புருஷன் வாசலில், கோபத்தில் பெண்சாதி உள்ளே. முப்பது வருடமாக, குரோய்டனில், ஈலிங்கில், எத்தனையோ மண்டபங்களில் அந்தக் கேள்விக்கு அவள் சொன்ன மறுமொழி ஒன்றேதான். அது 'வாறன்' இல்லை என்பது பஸ்தியாம்பிள்ளைக்கும் தெரியும்.

குரல் திரும்பவும் கேட்டது. கெஞ்சுவது போல.

"மெற்றில்டா. வீட்டிலை ஆரும் இருக்கினமோ?"

அவள் டப்பாவை இறுக்கிப் பிடித்தாள். கண்ணீர் பவுடரில் விழுந்தது.

"ஒருத்தரும் இல்லை," என்றாள்.

நடை அமைதியானது. பிறகு இரண்டு பேரின் காலடிகள் விலகத் தொடங்கின. சப்பாத்தின் ஓசையும், அவருடைய செருப்பின் இழுவையும். வெகு தூரம் போனபின் அந்தக் குரல் அடுத்த வசனத்தைச் சொன்னது.

"அப்ப கதைக்கிறது ஆர்?"

எந்த மண்டபத்திலும் கூரை அதிரச் சிரிக்க வைத்த வசனம்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்னம்மா, வெளிறிப்போய் இருக்கிறியள்?" என்றாள் விதுஷா. "ஒண்டுமில்லை, காரை எடு," என்றாள் மெற்றில்டா.

இப்போது கொட்டகையை இடித்துவிட்டார்கள். மெற்றில்டாவின் வீட்டு வாசற்கதவில், வெளிப்பக்கம், பஸ்தியாம்பிள்ளையின் உயரத்தில், விரல் முட்டிகள் பட்டது போல நான்கு வெள்ளைப் பவுடர்த் தடங்கள். ஒவ்வொரு ஞாயிறும் விதுஷா வந்து அவற்றைத் துடைக்கிறாள். திங்கள் காலையில் நான்கும் அங்கேயே இருக்கின்றன.