அழையா விருந்தாளி

கூரைக் குழாயிலிருந்து கொட்டும் மழைத்தண்ணீருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். முற்றத்தைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவின் வாசலுக்குள் நுழைந்துவிடும்.

அதைத் தடுக்கத்தான் வாலு, குழாய்க்குக் கீழே அகலமாகக் குழி வெட்டினாள். நடுவில் செண்டுப்பூச் செடிகளை நட்டாள். வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். காரணம் ஊருக்கே தெரியும்.

முதல் மழையிலேயே பாதிச் செடிகள் அழுகிவிட்டன. தண்ணீரோ குழியை நிரப்பிவிட்டுப் பழைய வழியிலேயே போனது.

தையல்கார அக்கா நனைந்த துணியைப் பிழிந்துகொண்டே வந்தார். "உங்க வீட்டு அழையா விருந்தாளி இன்னைக்கும் வந்துட்டார்."

அப்பாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை கொத்தனார் வரார். குழியை மூடி சிமெண்ட் போட்டுடலாம்."

"சிமெண்ட் போட்டா தண்ணி இன்னும் வேகமா ஓடும்ப்பா."

அப்பா தாடையைச் சொறிந்தார். "சரி. அதுக்குள்ள ஒரு மழை வரட்டும். தண்ணி அக்கா வீட்டுக்குப் போகலன்னா குழி இருக்கும். போச்சுன்னா சிமெண்ட்."

வாலு குழியருகே, தன் வீட்டுப் பக்கமாகக் குந்தினாள். பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து மூடி, குழியின் மேல் குறுக்காகப் போட்ட பலகையில் படுக்க வைத்தாள். உள்ளே இருந்த குமிழி மேட்டைத் தேடி அவள் பக்கம் ஓடி வந்தது.

"அப்படின்னா அக்கா வீட்டுப் பக்கக் கரைதான் தாழ்வு!"

அந்தக் கரையில் மண்ணைக் கொட்டி, ஏறி மிதித்து உயர்த்தினாள். தெருச் சாக்கடை இருந்த பக்கம், கையகலத்துக்கு ஒரு வாய்க்கால் கீறினாள்.

பிறகு செடி. அக்கா வீட்டுக் குழாயடிச் சேற்றில் ஒரு செடி ஜோராக நின்றது.

"இது அழுகாதாக்கா?"

"கல்வாழையா? தண்ணி இல்லன்னாதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்."

"கொஞ்சம் கிழங்கு தாங்களேன்."

"நீ தண்ணி அனுப்புவே, நான் கிழங்கு அனுப்பணுமா? நல்லாயிருக்கு கதை." சொல்லிக்கொண்டே அக்கா மண்வெட்டியை எடுத்தார்.

கல்வாழை குழியின் நடுவுக்குப் போனது. பிழைத்த செண்டுப்பூக்கள் கரைமேட்டில் ஏறின.

சனிக்கிழமை மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குழி நிரம்பியது. தண்ணீர் கரையை முட்டிப் பார்த்தது. வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் ஒரு கணம் யோசித்தது போலிருந்தது. பிறகு அவள் கீறிய வாய்க்காலில் சமர்த்தாகத் திரும்பியது. கூரைச் சரிவுக்குக் கீழே அக்காவின் வாசற்படி காய்ந்தே கிடந்தது.

மறுநாள் கொத்தனார் வந்தபோது குழியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மண் எல்லாவற்றையும் குடித்துவிட்டிருந்தது.

"எந்தக் குழியை மூடணும்?" என்றார் கொத்தனார்.

"குழியா? அது எங்க வீட்டுத் தோட்டம்ங்க," என்றார் அப்பா.

கல்வாழை பூத்த வாரம் இன்னொரு மழை. அக்கா தையல் மெஷினை வாசலிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாலு, உன் விருந்தாளியை ஆளையே காணோம்?"

வாலு பூக்களைக் காட்டினாள். "எங்க வீட்லயே தங்கிட்டார்க்கா. சிவப்புச் சட்டை போட்டு நிக்கறார், பாருங்க."