புசியா மேட்டில் ஒரு மழை

புசியா எல்லைச் சாவடிக்கு ஏறும் மேட்டில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அகிரோர் தன் மூன்று சக்கர வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் வேகமாகச் சுழற்றினாள். நாலு வயதில் போலியோ வந்தவள். கென்யாப் பக்கம் சோப்பு வாங்கி, அந்த வண்டியில் ஏற்றி, உகாண்டாப் பக்கம் விற்பதுதான் அவள் பிழைப்பு.

யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி எகிறி ஓரப் பள்ளத்தில் இறங்கியது... சோப்புப் பெட்டி சேற்றில்!

திரும்பினாள். தொப்பலாக நனைந்த ஓர் இளைஞன். இமையெல்லாம் மழைத்துளி... நடுவே பயந்துபோன பெரிய கண்கள்.

"உதவலாம்னு..."

"ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்களை ஒருத்தர் பின்னாலேர்ந்து தள்ளினா சும்மா இருப்பீங்களா?"

"இல்லீங்க... விழுந்துடுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

அவன் பெயர் ஓஜாம்போ. ஏரிக் கருவாட்டு வியாபாரி. மறுநாளிலிருந்து தினமும் அவள் வண்டியோடு நடந்தான். நீங்கள் வருமுன்னே உங்கள் வாசனை வந்துவிடுகிறது என்று அவள் கேலி செய்வாள். அவன் கண்ணால் சிரிப்பான். அதைப் பார்க்கத்தான் சீக்கிரம் கிளம்புகிறோமோ... என்று நினைத்த நாளில் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அப்புறம் அவன் அக்கா தேடி வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். கிணற்றுத் தண்ணீர் சுமக்க முடியுமா, பிள்ளை பிறந்தால் யார் தூக்குவது என்று கேட்டாள். அன்று மாலையே அகிரோர் அவனிடம், இரக்கப்பட்டு யாரும் தன்னோடு நடக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நாலு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் தூறலில், சாவடி வரிசையில் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்காகிட்ட பேசிட்டேன். பத்து வருஷமா நம்ம வீட்டுக்குத் தண்ணி சுமக்கிறது யாருன்னு கேட்டேன். நான்தானே... இனியும் நானே சுமக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அவள் திரும்பவில்லை. "அப்போ... இரக்கம் இல்லையா?"

"என்மேலதாங்க இரக்கப்படணும். நாலு நாளா ஒரு வாய் களி உள்ளே இறங்கல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, அகிரோர். உங்ககூடவே இருக்கணும்."

வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை. பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"எனக்குந்தான்..." என்றாள், மெதுவாக. "கை அதுபாட்டுக்குச் சுத்துது, மனசு உன்கிட்டயே நிக்குது." மழை வழியும் முகத்தை அவன் பக்கம் திருப்பிச் சொன்னாள்.

"நானே உன்கிட்டன்னு சொல்லிட்டேன்... இன்னும் என்ன வாங்க போங்க? நீன்னு கூப்பிடு."